கயிறு கட்டிய நாள்

வாசலிலிருந்து புகையிலைக் கடை வரை
நாற்பத்தோரு எட்டு.
அதில் முப்பது என்னுடையவை.
மிச்சப் பதினொன்றுக்கும்
ஒவ்வொரு காலையும் பேரம் பேச வேண்டியிருக்கிறது.

முதன்முதலில் அது வந்தது மீன் சந்தையில்.
கையில் அரைக் கிலோ மத்தி.
லீவியோ சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.
சட்டென்று கூரை உயர்ந்தது,
உயர்ந்துகொண்டே போனது.
நெஞ்சுக்குள் யாரோ கதவை உதைத்தார்கள்.
பொட்டலத்தைப் போட்டுவிட்டு ஓடினேன்.
மறுநாள் லீவியோ மத்தி கொடுத்தனுப்பினார்,
புதிதாக, காசு வாங்காமல்.
அந்த மனிதர் முகத்தில் விழிக்க
இப்போது கூச்சம் வேறு.

"செத்துவிட மாட்டீர்கள், நீவெஸ்" என்றார் மருத்துவர்.
எனக்குத் தெரியும் டாக்டர்.
முழங்கால்களுக்குத்தான் தெரியாது.

பிழைப்புக்கு நான் மொழிபெயர்ப்பது
மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாள்களை,
ஜெர்மனிலிருந்து இத்தாலியனுக்கு.
படபடப்பு, தலைசுற்றல், நாவறட்சி,
காரணமற்ற அச்சம்.
வரிக்கு இவ்வளவு லிரா என்று
என் உடம்பையே எழுதிக் கூலி வாங்குகிறேன்.
"காரணமற்ற" என்ற சொல்லில் மட்டும்
தட்டச்சுப் பொறி கொஞ்சம் திக்கும்.

உபாயங்கள் இல்லாமல் இல்லை.
கோட்டுப் பையில் எலுமிச்சைத் துண்டு, கடித்துக்கொள்ள.
பிறகு வாசல்கள்:
தையற்காரர் வாசல், பல் வைத்தியர் வாசல், பூட்டியே கிடக்கும் வாசல்.
ஒவ்வொன்றிலும் ஒதுங்கி நின்று
சாவி தேடுகிறவள்போல நடிப்பேன்.
ஒருமுறை பல் வைத்தியரே கதவைத் திறந்துவிட்டார்.
வேறு வழியில்லாமல்
ஒரு பல்லைக் காட்டிவிட்டு வந்தேன்.

ஜனவரியில் போரா வந்தது,
மலையிலிருந்து கடலுக்குப் பாயும் காற்று.
திரியெஸ்தேக்காரர்கள் அதைத் திட்டுவார்கள்,
சொல்லாமல் வந்து பத்து நாள் தங்கும்
சம்பந்தியைத் திட்டுவதுபோல,
கொஞ்சம் பெருமையோடு.

நகராட்சி ஆட்கள் தெருமுனைகளில் கயிறு கட்டினார்கள்.
ஜன்னலிலிருந்து பார்த்தேன்.
வங்கி மேலாளர் சுவரோடு ஒட்டி நகர்கிறார்.
போலீஸ்காரர் விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.
மருந்துக்கடை ஒந்தீனா, எப்போதும் நிமிர்ந்தே நடப்பவள்,
குனிந்து, கண்ணைச் சுருக்கி,
ஓர் அடி, நின்று, மூச்சு வாங்கி,
இன்னோர் அடி.
அட, என் நடை!
ஊர் முழுக்க என் நடை.

கோட்டை மாட்டிக்கொண்டேன்.
எலுமிச்சையை மறந்துவிட்டேன்.

கயிறு ஈரமாக, முரடாக இருந்தது.
முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர்.
யாரும் யாரையும் உடம்புக்கு என்ன என்று கேட்கவில்லை.
என் நெஞ்சு அடித்துக்கொண்டது.
எல்லோருக்கும் அடித்துக்கொள்ளும் என்று
அன்றைக்கு நம்ப முடிந்தது.
நாற்பத்தொன்று எங்கே போனதென்றே தெரியவில்லை.

கயிறு முடிந்த இடத்தில்
பெரிய சதுக்கம்.
மூன்று பக்கம் மாளிகை, நாலாம் பக்கம் கடல்,
ஒரு சுவர் கட்ட மறந்துபோன வீடு.
நின்றேன். தாண்டவில்லை.
சொல்ல வெட்கமில்லை, தாண்டவில்லை.
யாருடைய தொப்பியோ எனக்குப் பதிலாக உருண்டு
சதுக்கத்தைக் கடந்து
கடலில் விழுந்தது.
தொப்பிக்காரர் என் பக்கத்தில் நின்று சிரித்தார்.
நானும் சிரித்தேன்.
வாய்க்குள் காற்று புகுந்து பல் கூசியது,
வைத்தியரிடம் காட்டிய அதே பல்.

மூன்றாம் நாள் காற்று நின்றது.
கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த பையனிடம்
வியாழன் வரை இருக்கட்டுமே என்றேன்.
"காற்றுதான் போய்விட்டதே, சின்யோரா."
"உனக்குப் போய்விட்டது."
அவன் என்னைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான்,
சுருட்டிக்கொண்டு போனான்.
நல்ல பையன்தான். அவன் வேலை அது.

இன்று முப்பத்தாறு.
முப்பத்தேழாவதில் தெரு அகலமாகிவிட்டது, திரும்பிவிட்டேன்.
தையற்காரர் வாசலில் சாவி தேடும்போதுதான் கவனித்தேன்:
வலது கை
இடுப்புயரத்தில் எதையோ பிடித்தபடி
மூடியிருந்தது.
பிரிக்கவில்லை.
அப்படியே மாடியேறி
இடது கையால் கதவைத் திறந்தேன்.

லீவியோவுக்கு அரைக் கிலோ மத்திக் காசு
இன்னும் பாக்கி.